பெயருக்கும் வாடகை, இடத்துக்கும் வாடகை



சென்ற மாதம் ஒரு நாள் மாலை, அசோக் நகர் பதினோராவது அவென்யூ பக்கம் மளிகைக் கடை நடத்தும் நம் சங்க உறுப்பினர் ஒருவர் சரக்கு எடுக்க வந்திருந்தார். கையில் ஒரு சரம் மிட்டாய் பாக்கெட் வைத்திருந்தார். ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும், பிள்ளைகள் கைபேசியில் விளையாடுகிற ஒரு வீடியோ கேமின் வீரன் துப்பாக்கியோடு நிற்கிற படம். தயாரித்தவர் பெயர் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் இருந்தது. முகவரி பாதிதான். லைன் வண்டியில் வந்தவர் பில் போடாமல் கொடுத்துவிட்டுப் போனாராம். வழக்கமான மிட்டாயில் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு லாபம் நிற்கிறதாம்.

"அண்ணாச்சி, நல்லா ஓடுது. பத்துப் பெட்டியா எடுத்துக்கச் சொல்றார். எடுக்கலாமா?" என்றார்.

"இந்தப் படத்தைப் போட அவருக்கு உரிமை இருக்கா தம்பி?" என்று கேட்டோம்.

"படம்தானே அண்ணாச்சி! இதுக்கெல்லாமா உரிமை? எவன் வந்து கேக்கப் போறான்?"

அவருக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டோம். ஆனால் இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டும் அல்ல. நம்மில் பலர் மனத்தில் இருக்கிற கேள்வி இது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று தோன்றியது. மிட்டாய்க் கதையைச் சொல்ல வீடியோ கேம் வியாபாரத்துக்குள் போக வேண்டியிருக்கிறது. அரிசி பருப்பு விற்கிற நமக்கு அது எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஒரு வியாபாரி இரண்டு வகை வாடகை கொடுக்கிறான். ஒன்று பெயருக்கு, மற்றொன்று இடத்துக்கு. இந்த இரண்டும் பட்டவர்த்தனமாகத் தெரிகிற வியாபாரம் வீடியோ கேம் வியாபாரம். அதைப் பார்த்துவிட்டு நம் கல்லாவைப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும்.

பாக்கெட்டுக்குள் வந்த வட்ட அட்டை

2000-களில் கடை நடத்தியவர்களுக்கு இது நினைவிருக்கும். சீட்டோஸ் பாக்கெட்டுக்குள் டாஸோ என்ற வட்ட அட்டை வந்தது. அதில் போக்கிமான் படம் இருக்கும். பிள்ளைகள் கடை வாசலில் நின்று பாக்கெட்டைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். தின்பண்டத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டு ஓடிய பிள்ளைகளை நாமே பார்த்திருக்கிறோம்.

அந்தப் போக்கிமான் எங்கிருந்து வந்தது? 1996-ல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்காக வெளிவந்த ஒரு வீடியோ கேம் அது. பிறகு தொலைக்காட்சித் தொடர் ஆனது, சினிமா ஆனது, பள்ளிப்பை, பென்சில் டப்பா, தின்பண்டம் என்று உலகம் முழுவதும் பரவியது. தின்பண்டம் செய்கிற கம்பெனிக்கும் போக்கிமானுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயரையும் படத்தையும் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள், அவ்வளவுதான். இதற்குத்தான் உரிமம் அல்லது லைசென்ஸ் என்று பெயர்.

வீட்டு வாடகைப் பத்திரம் போலவே இதற்கும் பத்திரம் உண்டு. அதில் பொதுவாக ஐந்து விஷயங்கள் இருக்கும். எந்தப் பொருளின் மேல் படம் போடலாம் என்பது முதலாவது. பிஸ்கட்டுக்கு வாங்கிய உரிமையை வைத்துக் கொண்டு சாக்லேட்டுக்குப் போட முடியாது. எந்த நாட்டில் அல்லது எந்தப் பகுதியில் விற்கலாம் என்பது இரண்டாவது. எத்தனை ஆண்டு என்பது மூன்றாவது. விற்பனையில் இத்தனை சதவீதம் ராயல்டி என்பதும், விற்றாலும் விற்காவிட்டாலும் குறைந்தபட்சம் இவ்வளவு கட்ட வேண்டும் என்பதும் நான்காவது. அச்சுக்குப் போகும் முன் உறையின் மாதிரியை உரிமையாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது ஐந்தாவது. ஒன்று தவறினாலும் உரிமம் போய்விடும்.

நம் நாட்டிலும் இந்த வியாபாரம் வளர்ந்திருக்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த கிரீன் கோல்ட் அனிமேஷன் நிறுவனம் உருவாக்கிய சோட்டா பீம் 2008-ல் தொலைக்காட்சிக்கு வந்தான். இன்று சாப்பாட்டு டப்பாவிலும் இருக்கிறான், பள்ளிப்பையிலும் இருக்கிறான், கைபேசி விளையாட்டிலும் இருக்கிறான். கோடு போட்டு வரைந்த ஒரு பையன்தான். ஆனால் அவனுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவன் ஒவ்வொரு பொருளின் மேல் நிற்பதற்கும் அவருக்கு வாடகை போகிறது.

பெயர் முதல் பாக்கெட்டை விற்கும்

சினிமாக்காரரிடமிருந்து வீடியோ கேம்காரர் பெயரை வாடகைக்கு எடுப்பதும் உண்டு. நம் ஏ.ஆர்.முருகதாஸ் 2005-ல் தமிழில் எடுத்த 'கஜினி'யை 2008-ல் இந்தியில் எடுத்தார். அந்த இந்திப் படத்தையொட்டி ஹைதராபாத் நிறுவனம் ஒன்று கம்ப்யூட்டரில் ஆடும் விளையாட்டைத் தயாரித்தது. 2014-ல் 'கோச்சடையான்' படத்தையொட்டிக் கைபேசி விளையாட்டு வந்தது. ரசிகர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். புதிதாக விளம்பரம் செய்து பெயரை நிலைநாட்ட வேண்டியதில்லை. அதற்காகத்தான் வாடகை.

ஆனால் பெயர் மட்டும் போதுமா? அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள். 1982-ல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படம் உலகம் முழுவதும் சக்கைப்போடு போட்டது. அட்டாரி என்ற வீடியோ கேம் நிறுவனம் அந்தப் பெயரை வாங்கியது. கொடுத்த தொகை இரண்டு கோடி டாலருக்கு மேல் என்று பேசப்பட்டது. பெயருக்கே பணத்தைக் கொட்டிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் விற்பனைக்குச் சரக்கு வந்தாக வேண்டும் என்பதால், விளையாட்டைச் செய்கிற பொறியாளருக்கு ஐந்தே வாரம் கொடுத்தார்கள். அவசரத்தில் செய்த பண்டம் வாயில் வைக்க முடியவில்லை. லட்சக்கணக்கான கேசட்டுகளை அச்சடித்துத் தள்ளினார்கள். முதலில் கொஞ்சம் விற்றது. பிறகு வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள், கடைக்காரர்களும் அட்டாரிக்கே சரக்கைத் திருப்பினார்கள். 1983-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமொகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில், விற்காத மற்றச் சரக்குகளோடு சேர்த்து இவற்றையும் லாரி லாரியாகக் கொண்டு போய்ப் புதைத்தார்கள். பல ஆண்டுகள் இதைக் கட்டுக்கதை என்றே பலர் நினைத்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டிப் பார்த்தபோது கேசட்டுகள் வெளியே வந்தன.

பெயர் முதல் பாக்கெட்டை விற்றுக் கொடுக்கும். இரண்டாவது பாக்கெட்டைச் சரக்குதான் விற்க வேண்டும். இது நமக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் கோடிக்கணக்கில் முதல் போட்டவர்களே மறந்து போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இடத்துக்காரர் வைத்த பூட்டு

அந்த 1983-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரமே படுத்துவிட்டது. 'ஈ.டி.' மட்டும் காரணமல்ல. அட்டாரி கருவியில் யார் வேண்டுமானாலும் கேசட் செய்து விற்கலாம் என்ற நிலை இருந்தது. கண்டவர்களும் இறங்கினார்கள். மட்டமான சரக்கு கடை முழுவதும் நிறைந்தது. விலை விழுந்தது. நல்ல சரக்கும் அதோடு சேர்ந்து விழுந்தது.

இதைப் பார்த்துப் பாடம் கற்றவர்கள் ஜப்பானிய நின்டெண்டோக்காரர்கள். 1985-ல் அமெரிக்காவில் தங்கள் கருவியை இறக்கியபோது அதற்குள் ஒரு பூட்டு வைத்தார்கள். கருவிக்குள் ஒரு சில்லு, கேசட்டுக்குள் ஒரு சில்லு. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் விளையாட்டு ஓடும். கேசட்டுக்குள் வைக்கும் சில்லு நின்டெண்டோவிடம் மட்டுமே கிடைக்கும்.

பூட்டுப் போட்டவர் சாவிக்கு விலை சொல்வார் அல்லவா? அவர்கள் சொன்ன நிபந்தனைகளைப் பாருங்கள். கேசட்டை நாங்கள்தான் தயாரித்துத் தருவோம். குறைந்தது பத்தாயிரம் கேசட் எடுக்க வேண்டும். பணத்தை முன்னதாகக் கட்ட வேண்டும். ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் போடக் கூடாது. எங்கள் கருவிக்குப் போட்ட விளையாட்டை இரண்டு ஆண்டுக்கு வேறு கம்பெனிக் கருவிக்குக் கொடுக்கக் கூடாது. சரக்கு விற்காவிட்டால் நஷ்டம் உங்களுடையது. இத்தனைக்கும் ஒத்துக் கொண்டால் நம் அக்மார்க் முத்திரை போல, உறையின் மேல் நின்டெண்டோவின் தர முத்திரை கிடைக்கும்.

விளையாட்டு வெளியிடுகிறவர்கள் முணுமுணுத்துக் கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். வாடிக்கையாளர் கூட்டம் அங்கேதானே இருந்தது! ஆண்டுக்கு ஐந்து என்ற வரம்பைத் தாண்ட, கொனாமி என்ற நிறுவனம் அல்ட்ரா என்ற பெயரில் இன்னொரு கம்பெனியைத் தொடங்கி, அதன் வழியாகவும் விளையாட்டுகளை வெளியிட்டது. மச்சான் பெயரில் இன்னொரு பில் புத்தகம் போடுகிற வித்தை நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதில்லை என்று தெரிந்து கொள்ளலாம்.

இதுதான் இட வாடகை. பெயருக்குக் கொடுப்பது ஒன்று, விற்கிற இடத்துக்குக் கொடுப்பது வேறொன்று. ஒரு சினிமாப் பெயரை வாங்கி விளையாட்டுச் செய்கிறவர், சினிமாக்காரருக்கும் கொடுக்க வேண்டும், கருவிக்காரருக்கும் கொடுக்க வேண்டும். மிச்சம் நிற்பதுதான் அவருடையது.

சென்னையிலிருந்து எழுந்த வழக்கு

இன்று கேசட் இல்லை, கடையும் இல்லை. கைபேசிக்குள்ளேயே கடை இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசிக்கு கூகுளின் பிளே ஸ்டோர், ஐபோனுக்கு ஆப்பிளின் ஆப் ஸ்டோர். விளையாட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு, உள்ளே வீரனுக்குச் சட்டை, துப்பாக்கிக்கு வண்ணம் என்று காசுக்கு விற்கிறார்கள். நம் வீட்டிலேயே பேரன் ஒருவன் கடைக் கணக்கிலிருந்து இப்படி ஒரு சட்டை வாங்கிவிட்டான். துவைக்கவும் முடியாது, உடுத்தவும் முடியாது, கைபேசித் திரையில் மட்டும் இருக்கிற சட்டை! அந்த மாதிரி விற்பனையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது ரூபாய் வரை கடைக்காரரான கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் போவது வழக்கமாக இருந்து வந்தது.

கேம் நிறுவனங்கள் பல ஆண்டுகளாகக் கொடுத்துப் பழகிய இந்தக் கமிஷனை மற்ற ஆப்களும் கொடுக்க வேண்டும் என்று வந்தபோது, எதிர்த்து நின்றவர்களில் நம் சென்னை நிறுவனமும் ஒன்று. பாரத் மேட்ரிமோனி என்ற பெயரில் திருமண வரன் சேவை நடத்தும் மேட்ரிமோனி.காம் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. வேறு பல நிறுவனங்களும் வழக்குத் தொடர்ந்தன. எங்கள் வாடிக்கையாளரிடம் நாங்கள் பணம் வாங்குவதற்கு நடுவில் இவ்வளவு கமிஷனா என்பது அவர்கள் வாதம். இது போட்டிச் சட்டத்தின் கீழ் வருகிற விவகாரம் என்று கூறி 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி பல வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். 2024 ஜனவரியில் மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது. உச்ச நீதிமன்றமும் இடைக்காலப் பாதுகாப்பு அளிக்கவில்லை.

2024 மார்ச் 1-ஆம் தேதி கூகுள் தன் கடையிலிருந்து இந்த நிறுவனங்களின் ஆப்களை எடுத்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் கட்டிய வியாபாரம். ஒரே நாளில் அலமாரியில் பொருள் இல்லை. மத்திய அரசு தலையிட்டுப் பேசிய பிறகே சில நாட்களில் அவை திரும்ப வைக்கப்பட்டன.

இதற்கு முன்பே, 2022 அக்டோபரில், பிளே ஸ்டோரில் பணம் வசூலிக்கும் முறை பற்றி விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 936 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்திருந்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைப் பெருமளவு குறைத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. இடம் அவருடையது என்றால், பூட்டும் அவருடையது என்பதை மட்டும் சொல்கிறோம். மண்டியில் கடை பிடித்தவர்களுக்கும், கட்டட உரிமையாளர் ஒரு நாள் காலி செய்யச் சொன்னபோது திகைத்து நின்றவர்களுக்கும் இந்த வலி தெரியும்.

ஒரு சொல்லில் போன வியாபாரம்

பத்திரத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெட்ரிஸ் கதையைச் சொல்ல வேண்டும். மேலேயிருந்து விழுகிற கட்டங்களை அடுக்குகிற அந்த விளையாட்டை ஆடாத பிள்ளைகள் இல்லை. அதைச் செய்தவர் அலெக்சி பஜித்னோவ். 1984-ல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்துக் கொண்டிருந்தபோது செய்தார்.

லண்டனிலிருந்த ராபர்ட் ஸ்டீன் என்ற தரகர் இதைப் பார்த்து, தம் கையில் ஒப்பந்தம் முறையாக வருவதற்கு முன்பே மற்றவர்களுக்கு உரிமையை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அவர் மற்றொருவருக்கு விற்றார். ஆளுக்கு ஒரு பத்திரம் கையில் இருந்தது. மூலப் பத்திரத்தை யாரும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டருக்கு வாங்கிய உரிமையை வைத்துக் கொண்டு, தொலைக்காட்சியில் மாட்டி விளையாடும் கருவிக்கும் விற்றுக் கொண்டிருந்தார்கள்.

1989 பிப்ரவரியில் சோவியத் அரசின் ஏற்றுமதி நிறுவனமான எலோர்க் விழித்துக் கொண்டது. ஸ்டீனிடம் திருத்திய ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்தார்கள். தாமதக் கட்டணம் பற்றிய வரிகளையே அவர் உற்றுப் பார்த்தார். கம்ப்யூட்டர் என்றால் திரையும் விசைப்பலகையும் டிஸ்க் டிரைவும் உள்ள இயந்திரம் என்று சேர்த்திருந்த ஒரு வரியைக் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டுத் தொலைக்காட்சிக் கருவியில் விசைப்பலகை ஏது, டிஸ்க் ஏது? அந்த உரிமை அவர் கையில் இல்லை என்பது அந்த வரியிலேயே உறுதியாகிவிட்டது. அது நின்டெண்டோவுக்குப் போனது.

தரகர் வழியாக வாங்கியிருந்த டெஞ்சன் நிறுவனம் கேசட் அச்சடித்து விற்பனையையும் தொடங்கியிருந்தது. 1989 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் தடை போட்டது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கேசட்டுகள் குடோனில் முடங்கின. அவர்கள் திருடவில்லை, பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள். தமக்கு விற்றவருக்கு உரிமை இருந்ததா என்று பார்க்கவில்லை. அதற்குத்தான் அவ்வளவு பெரிய தண்டனை. விளையாட்டைச் செய்த பஜித்னோவுக்கோ 1996 வரை ராயல்டி என்று ஒரு காசும் வரவில்லை.

வாடகைதாரர் மாறிய கதை

பப்ஜி என்ற பெயரை அறியாத பெற்றோர் இருக்க முடியாது. அது தென்கொரிய நிறுவனமான கிராஃப்டனின் சொத்து. ஆனால் இந்தியாவில் அதன் கைபேசி விளையாட்டை உரிமம் பெற்று நடத்தியது சீனாவின் டென்சென்ட். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின் கீழ் மத்திய அரசு 118 ஆப்களைத் தடை செய்தது. பப்ஜி மொபைலும் அதில் ஒன்று. ஒரு வாரத்துக்குள் கொரிய நிறுவனம், இந்தியாவில் இனி டென்சென்ட்டுக்கு உரிமம் இல்லை என்று அறிவித்தது. 2021 ஜூலை 2-ஆம் தேதி, பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற புதுப் பெயரில் தானே நேரடியாக விளையாட்டைக் கொண்டு வந்தது. 2022 ஜூலையில் அதுவும் முடக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்ப வந்தது.

கவனியுங்கள். கோடிக்கணக்கான பேரை விளையாட வைத்துக் கூட்டம் சேர்த்தவர் வாடகைதாரர். கூட்டம் கடைசியில் போய்ச் சேர்ந்தது பெயரின் சொந்தக்காரரிடம். ஏஜென்சி எடுத்து, பத்து வருடம் தெருத் தெருவாக அலைந்து ஒரு பிராண்டை வளர்த்துவிட்டு, ஒரு கடிதத்தில் ஏஜென்சியை இழந்தவர்கள் நம் சங்கத்தில் எத்தனையோ பேர்.

நாம் கொடுத்த கட்டணம்

இனி நம் கதை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 1990-களின் கடைசியில், மொத்த வியாபாரத்தோடு சிறு பாக்கெட் போட்டு விற்கலாம் என்று ஆசைப்பட்டு, எண்ணெயில் பொரிக்கிற வண்ண அப்பளப்பூவை நம் பெயரில் பாக்கெட் செய்தோம். பிள்ளைகளைக் கவர வேண்டும் என்று பாக்கெட்டில் ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் உருவத்தைப் போட்டோம். அச்சகத்தில் ஆல்பம் வைத்திருந்தார்கள். அதில் கை காட்டினோம், போட்டுக் கொடுத்தார்கள். சிவகாசியிலிருந்து நாற்பது கிலோ கவர் வந்தது. இரண்டு மாதம் நன்றாக ஓடியது.

மூன்றாம் மாதம் பதிவுத் தபாலில் வழக்கறிஞர் நோட்டீஸ். அன்றிரவு தூக்கமில்லை. நமக்குப் பள்ளிப் படிப்பு மட்டும்தான். நோட்டீஸின் ஆங்கிலத்தை ஒரு தெரிந்த வக்கீல் படித்துச் சொல்லக் கேட்டபோது, விற்ற கணக்கு முழுவதும் கேட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து, கடைகளில் இருந்த பாக்கெட்டுகளைச் சைக்கிளில் ஆள் அனுப்பித் திரும்ப எடுத்து, மீதிக் கவரை அவர்கள் ஆள் முன்னிலையில் எரித்தோம். பிளாஸ்டிக் எரிந்த அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. பணம் போனதைவிட, "இவர் சரக்கில் ஏதோ வில்லங்கமாம்" என்று கடைக்காரர்கள் பேசியதுதான் பெரிய நஷ்டம். பிள்ளைகள் அந்த உருவத்துக்காகத்தான் வாங்கினார்கள், நம் அப்பளப்பூவுக்காக அல்ல என்பதும் அப்போதுதான் தெரிந்தது. படத்தை எடுத்துவிட்டுப் போட்ட பாக்கெட் பாதிகூட ஓடவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: பிறருடைய பெயரையோ படத்தையோ நம் பாக்கெட்டில் போடக் கூடாது. பதிப்புரிமைச் சட்டத்திலும் வணிகச் சின்னச் சட்டத்திலும் இதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நடிகர் படமும் அப்படியே. ரஜினிகாந்த் பெயரைத் தலைப்பில் வைத்து எடுத்த ஓர் இந்திப் படத்துக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், அவர் பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2015-ல் உத்தரவிட்டது. ரசிகர் என்ற பாசத்தில் ஊறுகாய்ப் பாக்கெட்டில் தலைவர் படம் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டு: தயாரிப்பவருக்கு மட்டும்தான் தண்டனை என்று எண்ண வேண்டாம். போலிச் சின்னம் போட்ட சரக்கை விற்கிறவரையும் வணிகச் சின்னச் சட்டத்தின் 104-ஆம் பிரிவு பிடிக்கும். தகுந்த எச்சரிக்கையோடு வாங்கினேன், சந்தேகப்படக் காரணம் இல்லை, இன்னாரிடம் வாங்கினேன் என்று காட்ட முடிந்தால் அதே பிரிவில் பாதுகாப்பும் இருக்கிறது. அதைக் காட்டுவது எப்படி? பில்தான் காட்டும். பில் இல்லாத சரக்கு, பாதி முகவரி உள்ள சரக்கு, நம்ப முடியாத லாபம் தருகிற சரக்கு, இந்த மூன்றும் கடைக்குள் வரக் கூடாது.

மூன்று: நம் பெயரை நாம் பதிவு செய்து கொள்ள வேண்டும். மிளகாய்த் தூளும் இட்லிப் பொடியும் சொந்தப் பெயரில் விற்கிற உறுப்பினர்கள் பலர் உண்டு. அந்தப் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டால், "கடை போர்டில் இருக்கிறதே" என்கிறார்கள். வணிகச் சின்னப் பதிவகம் நம் கிண்டியிலேயே இருக்கிறது. தனிநபரும் சிறு நிறுவனமும் இணைய வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். மசாலாப் பொடி, காபி, டீ, மிட்டாய் வகைகள் 30-ஆம் வகுப்பில் வருகின்றன. பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பித்துக் கொண்டே போகலாம். அடுத்தவர் பெயரை வாடகைக்கு எடுப்பதைவிட நம் பெயரைச் சொத்தாக்குவது மேல்.

நான்கு: வீட்டுக்கு வீடு சரக்குக் கொண்டு சேர்க்கிற ஆப் நிறுவனங்களோடு நம் கடைக்காரர்கள் ஒப்பந்தம் போடுகிறார்கள். போடலாம், தவறில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்வி கேட்க வேண்டும். கமிஷனை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாமா? எத்தனை நாள் முன்னறிவிப்பு? வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் யாரிடம் இருக்கும்? ஒப்பந்தம் முடிந்தால் நம் பணம் எத்தனை நாளில் வரும்? ஸ்டீன் ஒரு வரியைப் படிக்காமல் விட்டதை நினைத்துக் கொண்டு படியுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஐந்து: எந்த ஆப்பில் சேர்ந்தாலும் கடை வாசலை மூடிவிடக் கூடாது. நம் கடன் நோட்டில் இருக்கிற பெயர்களும், "அண்ணாச்சி, போன மாசம் குடுத்த அதே பொன்னி அரிசி" என்று கேட்டு வருகிற வாடிக்கையாளரும் யாரும் வாடகைக்குக் கொடுத்ததல்ல. அதை யாரும் ஒரு நாளில் பூட்ட முடியாது.

முடிவாக

அந்த உறுப்பினரிடம் அன்று, "லைன் வண்டிக்காரர் அடுத்த முறை வரும்போது ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேளுங்கள், படம் போட வாங்கிய உரிமக் கடிதத்தின் நகலும் கேளுங்கள், இரண்டும் கொடுத்தால் பத்துப் பெட்டி என்ன, இருபது பெட்டி எடுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம்.

போன வாரம் வந்தார். "கேட்டேன் அண்ணாச்சி. நாளைக்குக் கொண்டாறேன்னு சொல்லிட்டுப் போனவர்தான். அப்புறம் அந்த வண்டியே நம்ம தெருப் பக்கம் வரலை" என்றார். கையில் மிச்சமிருந்த சரத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டாராம். அந்த ஒரு சரத்தோடு நஷ்டம் நின்றது.

அவர் இப்போது தம் கடை இட்லிப் பொடியின் பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பம் போட்டிருக்கிறார். மற்ற உறுப்பினர்களும் இந்த மாதமே தத்தம் பெயர்களைப் பதிவு செய்ய முன்வர வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம்.